பாப்பா உள்ளே எப்படிப் போனது? ஐந்து வயதுக் கேள்விக்கு என்ன பதில்

கேள்வி: நான் ஆறு மாதக் கர்ப்பிணி. யு.கே.ஜி. படிக்கும் என் ஐந்தரை வயது மகள், “பாப்பா உன் வயித்துக்குள்ள எப்படிப் போச்சு, எப்படி வெளியே வரும்?” என்று ஓயாமல் கேட்கிறாள். “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம், இதை ஆஸ்பத்திரியில் வாங்கப் போகிறோம்” என்று என் மாமியார் சொல்லிவிட்டார். அது முதல், “பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடலாமா?” என்று கேட்கிறாள். உண்மையைச் சொல்லலாமா? எந்த அளவுக்குச் சொல்வது? – கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்: உண்மையையே சொல்லுங்கள். ஆனால் அவள் கேட்டதற்கு மட்டும் ஓரிரு வாக்கியங்களில் பதில் சொல்லிவிட்டு, அடுத்து என்ன கேட்கிறாள் என்று காத்திருங்கள். பெரும்பாலும் அடுத்த கேள்வியே இருக்காது, விளையாடப் போய்விடுவாள்.

பெரியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதும் பேச்சை மாற்றுவதற்குக் காரணம், தம் மனத்தில் இருக்கும் பொருளைக் குழந்தையின் கேள்வியிலும் ஏற்றிவிடுவதுதான். 1975-இல் ஆன் பெர்ன்ஸ்டைன், பிலிப் கோவன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், 3 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் குழந்தை எப்படி வருகிறது என்று கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் மிகச் சிறியவர்கள் அதை இடம் பற்றிய கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்கள்: பாப்பா எப்போதும் எங்கோ இருந்தது, இப்போது இங்கே வந்திருக்கிறது, அவ்வளவுதான். சற்று வளர்ந்தவர்கள், யாரோ ஒருவர் பொம்மை செய்வதைப் போலக் குழந்தையையும் செய்கிறார்கள் என்று நினைத்தார்கள். உங்கள் மகள் கேட்பதிலும் உடலுறவு பற்றிய ஆர்வம் எதுவும் இல்லை. நான் எங்கே இருந்தேன், இது எங்கே இருக்கிறது, இது வந்த பின் என் இடம் என்ன என்பதே அவளுடைய கேள்வி.

அதனால்தான் “திருப்பிக் கொடுத்துடலாமா?” என்பதைக் குறும்பு என்று தள்ளிவிட வேண்டாம் என்கிறேன். வாங்கிய பொருளைப் பற்றி யாரும் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி அது. தன்னையும் வாங்கியதாகத்தானே சொன்னார்கள் என்ற கணக்கும் அதனுள் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் மாமியார் தீய எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். பிள்ளை தங்காத வீடுகளில் பிறந்த குழந்தையைத் தவிட்டுக்கு விற்று வாங்கும் சடங்கே நம்மிடம் இருந்தது. கேலி அந்த வழியில் வந்த பாசம்தான். அவரைக் குழந்தையின் முன்னால் திருத்தாதீர்கள். தனியே, “அத்தை, அவள் உண்மையென்று நம்பிப் பயப்படுகிறாள்” என்று சொன்னால் போதும். அவள் பிறந்த நாளில் மருத்துவமனை வாசலில் யார் யார் காத்திருந்தார்கள் என்பதைப் பாட்டியே கதையாகச் சொன்னால், நீங்கள் கொடுக்கும் எந்த விளக்கத்தையும்விட அது நன்றாக வேலை செய்யும்.

இனி சொற்களுக்கு வருவோம். முதலில், பாப்பா சாப்பாடு போகும் இடத்தில் இல்லை என்பதைத் தெளிவாக்க வேண்டும். அம்மா பாப்பாவை விழுங்கிவிட்டாள் என்று பல குழந்தைகள் தாங்களாகவே முடிவுகட்டுகிறார்கள். சாம்பார் பாப்பாவின் தலையில் கொட்டுமே என்று அம்மாவைச் சாப்பிட விடாமல் தடுத்த ஒரு சிறுவனை எனக்குத் தெரியும். “சாப்பாடு போவது இரைப்பைக்கு. அதற்குக் கீழே கருப்பை என்று இன்னொரு பை இருக்கிறது. பாப்பா வளர்வதற்காகவே இருக்கும் பை அது. நீயும் அங்கேதான் இருந்தாய்” என்று சொல்லுங்கள். பாப்பா எப்படிச் சாப்பிடும் என்று கேட்டால், அவளுடைய தொப்புளைக் காட்டி, அங்கே ஒரு கொடி இருந்தது, அதன் வழியாகத்தான் உனக்குச் சத்து வந்தது, பிறந்ததும் வலிக்காமல் வெட்டிவிட்டார்கள் என்று சொல்லலாம். தன் உடம்பிலேயே சான்று இருப்பது குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

எப்படி உள்ளே போனது என்பதற்கு, “வெளியிலிருந்து போகவில்லை, உள்ளேயே உண்டானது” என்பதே சரியான தொடக்கம். அம்மாவின் உடம்பில் மிகச் சிறிய கருமுட்டை இருக்கிறது, அப்பாவின் உடம்பில் அதைவிடச் சிறிய விந்தணு இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் பாப்பா வளரத் தொடங்கும்: ஐந்து வயதுக்கு இது போதும். முட்டை என்றதும் கோழி முட்டையை நினைப்பாள். அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால், பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, இதைவிடவும் சிறியது என்று காட்டுங்கள். அப்பா விதை போட்டார், அம்மா வயிற்றில் முளைத்தது என்ற பழைய விளக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அது தாயை வெறும் நிலமாக்கிவிடுகிறது. உண்மையில் இருவரும் பாதிப் பாதி தருகிறார்கள். போதாக்குறைக்கு, தர்பூசணி விதையை விழுங்கிவிட்டு இரவெல்லாம் அழும் குழந்தைகளும் உண்டு.

வெளியே வருவதைப் பற்றி: சிறுநீர் போகும் வழிக்கும் மலம் போகும் வழிக்கும் நடுவில், பாப்பா வருவதற்கென்று அம்மாக்களுக்கு ஒரு பிறப்புப் பாதை இருக்கிறது, நாள் நிறைந்ததும் கருப்பை இறுகி இறுகி பாப்பாவைத் தள்ளும், டாக்டர் உதவுவார். சில பாப்பாக்களை அம்மாவுக்கு வலிக்காமல் மருந்து கொடுத்து, அடிவயிற்றைத் திறந்து எடுப்பார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன்தான் என்பதால், உங்களுக்கும் அந்தத் தழும்பு இருக்கக்கூடும், இருந்தால் காட்டுங்கள். வலிக்குமா என்று கேட்டால் வலிக்கும், பிறகு சரியாகிவிடும் என்றே சொல்லுங்கள்.

அப்பாவின் விந்தணு எப்படி அங்கே போனது என்ற கேள்வி பொதுவாக ஏழு, எட்டு வயதில் வரும். அப்போது, விந்தணு அப்பாவின் உறுப்பிலிருந்து அம்மாவின் பிறப்புப் பாதை வழியாகப் போகிறது, இது பெரியவர்கள் இருவர் விரும்பி நெருங்கியிருக்கும்போது மட்டும் நடப்பது, குழந்தைகளுக்கானது இல்லை என்று நிதானமான குரலில் சொன்னால் போதும். செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்த குழந்தைக்கு, டாக்டர் இரண்டையும் வெளியே சேர்த்துக் கருப்பையில் வைத்தார் என்று சொல்லலாம். தத்தெடுத்த குழந்தைக்கு, வேறொரு அம்மாவின் கருப்பையில் வளர்ந்து எங்களிடம் வந்தாய் என்பதைச் சிறு வயதிலிருந்தே சொல்லி வர வேண்டும். அந்த வீட்டில் தவிட்டுக் கேலி அறவே கூடாது.

உங்களுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு வரும். விளக்குவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. கரு ஆறாவது மாதவாக்கிலேயே ஒலிக்கு அசையத் தொடங்கிவிடுவதால், வளையல் சத்தம் பாப்பாவுக்குக் கேட்கும் என்று நம் வீடுகளில் சொல்வது வெறும் பேச்சு அல்ல. அவளையும் ஒரு வளையல் போடச் சொல்லி, கையை வயிற்றின் மேல் வைத்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். ஆனால் அதே நாளில் உறவினர்கள் அவளைக் கூப்பிட்டு, “உள்ளே இருப்பது தம்பியா தங்கச்சியா, சொல்லு” என்று குறி கேட்பார்கள், அதைத் தடுத்துவிடுங்கள். அவள் சொன்னது பலிக்காமல் போனால் பெரியவர்களின் ஏமாற்றம் அவள் தலையில் விழும். ஸ்கேன் எடுக்கும் இடத்திலேயே சொல்ல மாட்டார்கள், 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது, எனவே பிறந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரியும் என்பதே அவளுக்கும் உறவினர்களுக்கும் பொதுவான பதில்.

இதையெல்லாம் அவள் வகுப்பில் போய்ச் சொல்வாளே என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். “அவரவர் வீட்டில் அவரவர் அம்மா அப்பா சொல்வார்கள், நீ சொல்ல வேண்டாம்” என்று சொல்லலாம்; “இது ரகசியம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். குழந்தைகளிடம் தவறாக நடப்பவர்கள் முதலில் கேட்பதே ரகசியம் காப்பதைத்தான். உறுப்புகளின் பெயர் தெரிந்த, அம்மாவிடம் எதையும் கேட்கலாம் என்று பழகிய குழந்தைதான், யாராவது அத்துமீறினால் நடந்ததைப் புரியும்படி வந்து சொல்லும். அப்படி ஒரு நிலை வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்று சொன்னதை இரண்டு வாரம் கழித்துப் புதிதாகக் கேட்பாள். மறந்துவிட்டாயா என்று கடியாமல் அதே சொற்களில் மறுபடி சொல்லுங்கள். எட்டாவது மாதம் தொடங்கும்போது, நீங்கள் மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் அவளுக்கு யார் தலை பின்னுவார்கள், யார் பள்ளிக்கு அழைத்துப் போவார்கள், எந்த நேரத்தில் வந்து உங்களைப் பார்க்கலாம் என்பதை ஆட்களின் பெயரோடு சொல்லி வைத்துவிடுங்கள்.