பிளாரன்ஸ் டோம் கோதிக்கா, மறுமலர்ச்சியா?

வணக்கம் சார்,
கோதிக்னா இருண்ட காலம், 1400 வாக்குல மறுமலர்ச்சி வந்து எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஆரம்பிச்சாங்கன்னுதான் ஸ்கூல்ல படிச்சோம். புரூனலெஸ்கி கட்டின பிளாரன்ஸ் கதீட்ரல் டோம்தான் அதுக்கு முதல் சாட்சின்னு ஒரு வீடியோல சொன்னாங்க. அப்படித்தானா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வீடியோல பாதிதான் சொல்லியிருக்காங்க. டோமோட வடிவத்தை முடிவு பண்ணினது புரூனலெஸ்கி இல்ல. எட்டுப் பட்டை, மேல போகப்போக கூராகுற வளைவு, வெளிய இருந்து முட்டுக் கொடுக்குற ஆர்ச் எதுவும் வேண்டாம், இதெல்லாம் 1367லயே பிளாரன்ஸ்காரங்க பேசி முடிச்சாச்சு, இவர் பொறந்ததே 1377லதான். அந்தக் கூர் வளைவு, மறுமலர்ச்சிக்கு முன்னாடி ஐரோப்பாவுல இருந்த கோதிக் கட்டட பாணியோட அசல் சமாச்சாரம். ரோம்ல பாந்தியன்னு பழைய ரோமர் காலக் கோயில் இருக்கு, அதுக்கு உள்ள நின்னு அண்ணாந்து பாத்தா அரைக்கோளம், ரெண்டு போட்டோவையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, உடனே தெரிஞ்சிடும்.

அப்போ புரூனலெஸ்கி என்னதான் பண்ணார்னா, எப்படிக் கட்டுறதுன்னு யாருக்குமே தெரியாம கிடந்ததை கட்டிக் காட்டினார். எனக்கு அதுதான் பெரிய விஷயம். சுமார் 45 மீட்டர் அகலம், அவ்வளவு உயரத்துல, கீழ இருந்து சென்ட்ரிங் அடிக்கணும்னா மரத்துக்கு எங்க போறது? 1418ல போட்டி அறிவிச்சாங்க, இவர் சென்ட்ரிங்கே தேவையில்லன்னுட்டார். உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு ரெண்டு கூடு, செங்கலைப் படுக்க வச்சு வரிவரியா கட்டிக்கிட்டே போயி நடுநடுவுல சிலதை செங்குத்தா நிறுத்துறது, மீன்முள் மாதிரி, காரை இறுகுறதுக்குள்ள படுத்திருக்குற கல்லு உள்பக்கம் வழுக்கிடாம நிக்குற கல்லு பிடிச்சுக்கும். 1420ல ஆரம்பிச்சு 1436ல உச்சி வளையம் வரைக்கும் முடிச்சாச்சு.

இதுக்கு முன்னாடி 1401ல கதீட்ரலுக்கு எதிர்ல இருக்குற ஞானஸ்நான மண்டபத்துக் கதவுக்கு நடந்த போட்டியையும் பாருங்க. புரூனலெஸ்கியும் கிபெர்ட்டிங்கிற சிற்பியும் செஞ்ச ரெண்டு வெண்கலப் பலகையும் இன்னைக்கும் பிளாரன்ஸ்ல பார்ஜெல்லோ மியூசியத்துல இருக்கு. சட்டம் நாலு இதழ் வச்ச கோதிக் சட்டம், பழைய கதவுல இருந்த அதே டிசைன். புரூனலெஸ்கி பலகையில அதுக்குள்ளயே ஒரு வேலைக்காரன் கால்ல முள் எடுக்குறவனாட்டம் உக்காந்திருப்பான், அது பழைய ரோமச் சிலையோட போஸ். ஜெயிச்சது கிபெர்ட்டி. பழசும் புதுசும் ஒரே பலகைக்குள்ள இருக்கும்போது எந்த வருஷத்துல கோடு கிழிப்பீங்க?

டோம் உச்சியில இருக்குற விளக்குக் கோபுரத்தை மட்டும் கொஞ்சம் ஜூம் பண்ணிப் பாருங்க. அது முழுக்க அவரோட டிசைன், 1446ல அவர் செத்தப்புறம் 1461லதான் முடிஞ்சுது. இலை செதுக்கின கொரிந்தியத் தூண் தலைப்பு, சுருள்னு எல்லாம் ரோம பாணி. ஆனா சுத்தி எட்டுப் பக்கமும் முட்டுக் கொடுத்து நிக்குது பாருங்க, 1367ல வேண்டாம்னு ஒதுக்கின அதே கோதிக் முட்டுதான், அளவுல சின்னதா, ரோம உடுப்புல.