ஒற்றை எஞ்சினில் பழகுவது வீண் செலவா?

கேள்வி: சிங்கப்பூர் ஆகாயப் படையில் ஹெலிகாப்டர் பயிற்சிக்குப் போகிறவர்கள் முதலில் ஒற்றை எஞ்சினில் பழகுகிறார்கள். பிறகு ஓட்டப்போவதோ இரட்டை எஞ்சின் சினூக், அப்பாச்சி. நேரே இரட்டை எஞ்சினில் பழக்கினால் செலவு மிச்சமாகாதா? – வாசகர், ஈசூன்

பதில்: ஆகாது. இரண்டாவது எஞ்சின் எரிபொருளையும் பராமரிப்பையும் கூட்டும். புதிய மாணவருக்கு அதனால் வரும் பாடம் குறைவு. நம் ஆகாயப் படை தொடக்கப் பயிற்சிக்கு எடுத்த இசி120 கொலிப்ரி ஹெலிகாப்டரில் எஞ்சின் ஒன்றே. அது தரும் பெரிய பாடம் ஆட்டோரொட்டேஷன், அதாவது எஞ்சின் நின்றபின் பத்திரமாகத் தரையிறங்குவது.

எஞ்சின் நின்றதும், மேலே சுழலும் இறக்கைகளின் சாய்வை ஒன்றாக மாற்றும் கலெக்டிவ் பிடியை உடனே இறக்க வேண்டும். தாமதித்தால் அந்த இறக்கைகளின் தொகுதியான சுழலியின் வேகம் சரியும், மீட்க முடியாமலே போகலாம். இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே சுழலியைச் சுற்றும். தரை நெருங்கியதும் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, மட்டப்படுத்தி, மிச்சமுள்ள சுழற்சியில் கலெக்டிவை ஏற்றி உட்கார வைக்க வேண்டும். மிகத் தாழ வந்தபின் மூக்கைத் தூக்கினால் வால் தரையில் அடிக்கும். கலெக்டிவை முந்தி இழுத்தால் உயரத்திலேயே சுழற்சி தீர்ந்து பொத்தென்று விழும். சறுக்குக்கால்களின் குறுக்குக் குழாய் வளைந்துவிடும்.

அமெரிக்கத் தரைப்படை பயிற்சிக்கு இரட்டை எஞ்சின் லக்கோட்டா ஹெலிகாப்டருக்கு மாறியபோது, இதைத் தரை தொடும்வரை செய்து பழகுவது நின்றது. அமெரிக்கக் கடற்படையோ 2020ல் ஒற்றை எஞ்சின் டிஎச்-73ஏ ரகத்தைத் தேர்ந்தெடுத்தது: 32 ஹெலிகாப்டர்கள், ஏறக்குறைய 176 மில்லியன் அமெரிக்க டாலர். கடற்படை செய்ததே சரி.

கேள்வி: சிமுலேட்டர் நேரத்தைக் கூட்டினால் என்ன? – வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: எஞ்சின் தீ, ஹைட்ராலிக் கோளாறு, மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது ஆகியவற்றுக்குத் தாராளமாகக் கூட்டலாம். பிற்பகல் இடிமழையிலும் பாடம் நிற்காது. அந்தரத்தில் அசையாமல் நிற்கப் பழகுவதற்கு மட்டும் அது போதாது. ஓரடி நகர்வை மாணவர் ஓரக்கண்ணில் நழுவும் புல்லை வைத்தும், இருக்கையில் உணரும் சாய்வை வைத்தும் பிடிக்கிறார். சிமுலேட்டரில் இரண்டுமே மங்கல். அதனால் கை தாமதமாகவும் அதிகமாகவும் அசைந்து பழகிவிடும். அதைத் திருத்த மறுபடி வானில்தான் செலவழிக்க வேண்டும்.

ஆனால் ஓர் இடத்தில் சிமுலேட்டர் பணத்தை நன்றாகவே மிச்சப்படுத்தும். கொலிப்ரியின் சுழலி, மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழி. கலெக்டிவை ஏற்றினால், மூக்கு திரும்பாமலிருக்க வலது பெடலை மிதிக்க வேண்டும். அப்பாச்சி இடஞ்சுழி, மிதிக்க வேண்டியது இடது பெடல். காலில் ஊறிய அந்தப் பழக்கத்தைச் சிமுலேட்டரிலேயே மாற்றிக்கொண்டு போனால், அப்பாச்சியில் பறக்கும் முதல் மணி நேரமே ஆயுதப் பாடத்துக்கு நெருக்கமாக இருக்கும்.