பெட் ஸ்கேனில் தாடை ஒளிர்ந்தால் புற்று பரவிவிட்டதா?

பெட் ஸ்கேன் (PET) என்பது உடலில் சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் படம்; அதை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. செத்த எலும்பைச் சுற்றிக் கிருமித் தொற்று இருந்தாலும் அந்த இடம் புற்றுக்கட்டி போலவே ஒளிரும். பிரித்துச் சொல்வது பயாப்ஸிதான், அதாவது அந்த இடத்திலிருந்து சிறு துண்டை எடுத்துச் சோதிப்பது.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுக்காக எலும்பு அரிக்காமல் காக்கும் ஸோலெட்ரானிக் ஆசிட் ஊசி போய்க்கொண்டிருந்தபோதே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள், புண் ஆறாமல் எலும்பு தெரிகிறது என்கிறீர்கள். தாடைக்குக் கதிர்வீச்சு கொடுக்காதவருக்கு இது 8 வாரத்துக்கு மேல் நீடித்தால் ஊசியால் வந்த எலும்புச் சாவைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

கீழ் உதடும் முகவாயும் மரத்திருக்கிறதா, ஈறில் சதை வளர்கிறதா பாருங்கள். மரத்துப்போவது எலும்புச் சாவிலும் வரும், ஆனாலும் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போதே ஊசி போட்ட தேதிகள், பழைய பல் எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சேலத்தில் வாய், தாடை அறுவை மருத்துவரைப் பாருங்கள். அவரும் புற்றுநோய் மருத்துவரும் நேரடியாகப் பேசிக்கொள்வது ரொம்ப முக்கியம்.

செத்த எலும்பை நோண்டினால் புண் பெரிதாகலாம் என்று சில டாக்டர்கள் பயாப்ஸிக்குத் தயங்குவார்கள், அது நியாயமான பயம்தான். எடுப்பதென்றால் எலும்புத் துண்டோடு ஓரத்துச் சதையும் சேர்த்து எடுப்பார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் புற்று கண்ணில் படாமல் போகலாம். 'புற்று இல்லை' என்று வந்த பிறகும் புண் பெரிதாகிக்கொண்டே போனால் மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.