படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வழக்கு போட முடியாதா?

கேள்வி: என் நாயின் பின்னங்காலில் புண் ஆறவே இல்லை. உயர் அழுத்த ஆக்சிஜன் சேம்பரில் (அழுத்தத்தோடு ஆக்சிஜன் செலுத்தும் மூடிய அறை) பத்து முறை வைத்தால் சரியாகிவிடும் என்று மருத்துவமனையில் சொல்லி, பத்துக்கும் முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது முறை உள்ளேயே வலிப்பு வந்தது. நான் கதறியும் உடனே திறக்கவில்லை. மறுநாள் இறந்துவிட்டான். அவனுக்கு ஏற்கெனவே வலிப்பு உண்டு, மாத்திரை கொடுத்துவந்தோம். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இப்போது, 'எந்த விளைவுக்கும் நாங்கள் பொறுப்பில்லை' என்ற படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டிருப்பதாகக் காட்டுகிறார்கள். வழக்கு போடலாமா?

பதில்: போடலாம். கண்ணெதிரே அவன் துடித்ததைப் பார்த்திருக்கிறீர்கள், உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் எதை நினைத்து அதிகம் கொதிக்கிறீர்களோ, அதுதான் உங்கள் வழக்கின் பலவீனமான இடம்.

உடனே திறக்காததைக் குற்றமாக எழுதாதீர்கள். வலிப்பின்போது மூச்சு அடைபட்டிருக்கும். அப்போது அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் உள்ளே சிக்கிய காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடலாம். வலிப்பு தணியும்வரை பொறுத்து, பிறகு இறக்குவதுதான் முறை. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் எடுப்பார்.

கதவு மூடுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதில்தான் உங்கள் பலம் இருக்கிறது. அழுத்தத்தோடு ஆக்சிஜன் கொடுத்தால் வலிப்பு வரலாம் என்பதை பிரான்சின் உடலியல் அறிஞர் பால் பெர்ட் 1878-லேயே எழுதிவிட்டார். எனவே இது எதிர்பாராதது என்று அவர்கள் சொல்ல முடியாது. முன்பு வலிப்பு வந்ததுண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறது, காதில் கோளாறு உண்டா, நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியிருக்கிறதா, இவற்றைப் பார்க்காமல் ஒரு பிராணியை உள்ளே வைக்கக் கூடாது. பார்த்ததற்குப் பதிவு இல்லையென்றால் அதுவே உங்களுக்குச் சாதகம்.

அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்தது யார்? அதே மருத்துவமனை என்றால் விஷயம் அவர்கள் கோப்பிலேயே இருக்கிறது, தெரியாது என்று தப்ப முடியாது. வேறு மருத்துவர் என்றால், 'நீங்கள் ஏன் சொல்லவில்லை' என்று உங்களைத் திருப்பிக் கேட்பார்கள். கேட்டறிவது மருத்துவரின் கடமை என்பது நம் வாதம். ஆனாலும் இழப்பீடு கொஞ்சம் குறையக்கூடும்.

சரி, கையெழுத்து? ஆபத்தை விளக்கிச் சொல்லி, நீங்கள் புரிந்துகொண்டு கொடுத்தால்தான் அது சம்மதம். வலிப்பு என்ற சொல்லே இல்லாத படிவத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. அலட்சியத்துக்கும் பொறுப்பில்லை என்று பொத்தாம்பொதுவாக அச்சடித்த வரியைப் பல நாடுகளின் நீதிமன்றங்கள் அப்படியே ஏற்பதில்லை.

மீதி ஏழு முறைக்கான பணத்தைத் தனிக் கோரிக்கையாகக் கேளுங்கள். தராத சேவைக்கு வாங்கிய பணம் அது, அதற்கு அலட்சியத்தை நிரூபிக்கவே வேண்டாம். கொடுக்க முன்வந்தால் ரசீதைப் படித்துப் பாருங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சொல்லவே வருத்தமாக இருக்கிறது: பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் செல்லப்பிராணி இன்னும் சொத்துதான். சிகிச்சைச் செலவும் பிராணியின் விலையும் கிடைக்கலாம், மன வேதனைக்கு இழப்பீடு அரிது. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். அதனால் கால்நடை மருத்துவர்களுக்கு உரிமம் தரும் அமைப்பிடமும் புகார் கொடுங்கள். அடுத்த பிராணியைக் காப்பாற்ற அதுதான் நேரடி வழி.

இன்றே எழுத்துமூலம் எல்லாப் பதிவுகளையும் கேளுங்கள். எவ்வளவு அழுத்தம், எத்தனை நிமிடம், பக்கத்தில் இருந்து கவனித்தது யார் என்ற சேம்பர் பதிவேடும் அதில் சேரவேண்டும். பிரேதப் பரிசோதனை செய்யவில்லை என்றால், இந்தச் சிகிச்சை தெரிந்த வேறொரு கால்நடை மருத்துவர் அந்தப் பதிவுகளைப் பார்த்துக் கருத்து எழுதித் தரவேண்டும். அப்புறம் ஒரு வக்கீலைப் பாருங்கள். வழக்குக்குக் காலவரம்பு உண்டு, இறந்த தேதியிலிருந்தே அது ஓடத் தொடங்கியிருக்கலாம்.