பள்ளிக்கூட வாசல்: வாசகர் கேள்விகளும் ஓர் ஆசிரியையின் பதில்களும்

நீண்ட விடுமுறை முடியப்போகிறது. சிறிய பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் குடும்பங்களிடமிருந்து இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. என் பணிக்காலம் முழுவதும் அப்படியொரு பள்ளியில்தான் கழிந்தது. வருகைப் பதிவேட்டைத் திறக்காமலே எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் சொல்லிவிடலாம், அவ்வளவுதான் பள்ளி. ஆகவே இவற்றுக்குப் பதில் எழுதுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கேள்வி: டீச்சர், என் பிள்ளைகள் இருவரும் விடுமுறையில் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் படுக்கிறார்கள், காலை ஒன்பதுக்கு எழுகிறார்கள். பள்ளி திறந்தால் ஆறரைக்கு எழ வேண்டும். சின்னவனுக்கு ஏழு வயது, பெரியவளுக்குப் பதினான்கு. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எப்படி மாற்றுவது?
— ஒரு தாய்

பதில்: நாளைக் காலையிலேயே தொடங்குங்கள். பலரும் இரவில் தொடங்கித் தோற்றுப்போகிறார்கள். "தூங்கு, தூங்கு" என்று அதட்டி ஒரு குழந்தையைத் தூங்கவைக்க யாராலும் முடியாது, எழுப்ப முடியும். வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். இரண்டு நாள் அதே நேரம். பிறகு இன்னொரு கால் மணி. ஒன்பதிலிருந்து ஆறரைக்கு வரப் பத்துப் படிகள், அதாவது இருபது நாட்கள். உங்களிடம் இருக்கும் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். எழுந்தவுடன் பிள்ளையை வெளிச்சத்துக்கு அழைத்து வாருங்கள். வாசலில் சிறிது நேரம் நின்றால்கூடப் போதும். காலை வெளிச்சம்தான் உடலின் கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்துகிறது. சீக்கிரம் எழுந்த பிள்ளை பகலில் நீண்ட நேரம் தூங்காமல் பார்த்துக்கொண்டால், இரவில் தானாகவே கண் சொக்கும்.

எவ்வளவு தூக்கம் வேண்டும் என்பதற்கு அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் ஒரு வரையறை வெளியிட்டது. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம்; 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். உங்கள் சின்னவனுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், அவன் இரவு எட்டரைக்குத் தூங்கியிருக்க வேண்டும். எட்டரைக்குப் பல் துலக்கப் போவதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஆழ்ந்து தூங்கியிருக்க வேண்டும். அப்படியானால் ஏழரை மணிக்கே தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைந்திருக்க வேண்டும். அதுவும் வீட்டில் எல்லோருடையதும். பெரியவர்களின் திரை ஒளிரும் வீட்டில் குழந்தையின் திரையை மட்டும் அணைக்கச் சொல்வது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

பெரியவளைப் பற்றி ஒரு வேண்டுகோள்: அவளைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். பருவ வயதில், தூக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் முன்பைவிடத் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. ஒன்பது மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று அவள் சொன்னால் அது உண்மை. பத்து மணிக்குத் தூங்கினாலும் எட்டரை மணி நேரம் கிடைத்துவிடும். வார விடுமுறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கவிட வேண்டாம். இத்தனை நாள் ஏறிய படிகளெல்லாம் இரண்டே நாளில் இறங்கிவிடும்.

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். பிள்ளைகள் குறைவு என்பதால் இந்த ஆண்டு ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று வகுப்புகளுக்கும் ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்திருக்கிறது. சின்னக் குழந்தைகளோடு உட்கார்ந்தால் அவள் பின்தங்கிவிடமாட்டாளா? பள்ளியை மாற்றிவிடலாமா?
— ஒரு தந்தை

பதில்: அதற்காக மாற்ற வேண்டாம். ஓர் அறையில் ஒரே வயதுப் பிள்ளைகள் மட்டுமே இருக்க வேண்டும் என்பது நிர்வாக வசதிக்காக வந்த ஏற்பாடு. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் தன் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தபோது வெவ்வேறு வயதுக் குழந்தைகளை ஒன்றாகத்தான் வைத்தார். அவர் வழியில் நடக்கும் பள்ளிகளில் இன்றும் மூன்று வயது இடைவெளியுள்ள பிள்ளைகள் ஒரே அறையில் படிக்கிறார்கள். கொலம்பியாவில் 1970-களின் நடுவில், ஓரிரு ஆசிரியர்களே இருந்த கிராமப் பள்ளிகளுக்காக 'எஸ்குவேலா நுவேவா' என்ற முறை உருவானது. பிள்ளைகள் தாங்களாகவே படித்து முன்னேறும்படியான வழிகாட்டி ஏடுகளை வைத்து, பல வகுப்புகளை ஒரே அறையில் நடத்திக் காட்டினார்கள்.

இதன் பலனை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கடன் வாங்கிக் கழிப்பது மூன்றாம் வகுப்புச் சிறுமிக்கு அரைகுறையாகத்தான் புரிந்திருக்கும். இரண்டாம் வகுப்புப் பையன் அவள் பக்கம் சிலேட்டைத் திருப்பி, "இந்த மூன்று எப்படிப் பதின்மூன்று ஆனது?" என்று கேட்பான். அவள் வாயைத் திறப்பாள், நிறுத்துவாள், பக்கத்து இடத்திலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டுவாள். அந்த நொடியில்தான் அவளுக்கே அது முழுதாகப் புரியும். தனி வகுப்பில் இந்தக் கேள்வியை அவளிடம் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆசிரியர் களைத்துப்போனால், நன்றாகப் படிக்கும் பெரிய பிள்ளை நாள் முழுக்க உதவியாளாகிவிடும். அந்தக் குழந்தைக்கென்று புதிதாக எதுவும் நடக்காது. ஆகவே பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஆசிரியரைச் சந்தித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் முதல் வகுப்போடு இருக்கும்போது மூன்றாம் வகுப்பு என்ன செய்துகொண்டிருக்கும்?" அதற்குத் தெளிவான பதில் வந்தால் நிம்மதியாக வீடு திரும்பலாம். "அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள்" என்று வந்தால், அடுத்த மாதம் மறுபடி போய்ப் பேசுங்கள்.

கேள்வி: விடுமுறையில் என் மகனுக்கு வாய்ப்பாடு பாதி மறந்துவிட்டது. கடைசி வாரத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் முடித்துவிடலாமா?
— ஒரு தாய்

பதில்: வேண்டாம், பள்ளியே கசந்துவிடும். மறப்பது இயல்பு. அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பளவு பின்னுக்குப் போயிருந்தார்கள். கணக்குப் போடுவதும் எழுத்துக்கூட்டலும்தான் அதிகம் அடிபட்டிருந்தன. எல்லா வகுப்பிலும் முதல் சில வாரங்கள் பழைய பாடத்துக்கே போகும். தினமும் பத்து நிமிடம், வாய்மொழியாக, நடந்துகொண்டே கேளுங்கள். மீதியை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: பேத்தி முதல் முறையாகப் பள்ளிக்குப் போகப்போகிறாள். என் மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால் நான்தான் கொண்டுபோய் விட வேண்டும். அழுதால் என்ன செய்வது? அவள் கவனிக்காதபோது நழுவி வந்துவிடலாம் என்கிறார்கள்.
— ஒரு பாட்டி

பதில்: நழுவி வராதீர்கள், அம்மா. திரும்பிப் பார்த்து நீங்கள் இல்லையென்றால், மறுநாள் உங்கள் சேலையை ஒரு நொடிகூட விடமாட்டாள். சொல்லிவிட்டே புறப்படுங்கள், ஆனால் சுருக்கமாக. ஒரு முத்தம், ஒரு வாக்கியம், பிறகு நடை. "நாலு மணிக்கு வருவேன்" என்பது அந்த வயதுக்கு எதுவும் சொல்லாது. "கடைசி மணி அடித்ததும் இந்தக் கதவருகே நிற்பேன்" என்று சொல்லுங்கள்; சொன்ன இடத்திலேயே, மணி அடிப்பதற்கு முன்பே நில்லுங்கள். பெரும்பாலான குழந்தைகள் நீங்கள் தெருமுனையைத் திரும்புவதற்குள் அழுகையை நிறுத்திவிடுவார்கள். ஆசிரியையாகச் சொல்கிறேன், அந்த அழுகை வாசலில் நிற்பவருக்காகத்தான் நீள்கிறது.

சிறிய பள்ளியில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. திறப்பதற்கு முன்பே ஒருநாள் கேட்டு அழைத்துப்போய்க் காட்டலாம். வகுப்பறையைவிடக் கழிவறையை முதலில் காட்டுங்கள். குழந்தைகள் பலர் பள்ளியைக் கண்டு அழுவதில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் திறக்க வருமா என்ற பயத்தில் அழுகிறார்கள். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் வயிறு வலிக்கிறது என்பார்கள். அந்தத் தாழ்ப்பாளை அவள் கையாலேயே நாலைந்து முறை போட்டுத் திறக்கட்டும். தண்ணீர் பாட்டிலின் மூடி, சீருடையின் பொத்தான், செருப்பின் வார், மூன்றையும் வீட்டில் பழக்குங்கள். அழுகை பல வாரம் நீடித்தாலும், பள்ளி நாட்களில் மட்டும் வயிற்றுவலி வந்துகொண்டே இருந்தாலும் ஆசிரியரிடம் பேசுங்கள். அப்போது அதற்கு வேறு காரணம் இருக்கலாம்.

கேள்வி: பையின் எடை எவ்வளவு இருக்கலாம்?
— ஒரு தந்தை

பதில்: குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 25 கிலோ குழந்தைக்கு இரண்டரைக் கிலோ. இரண்டு தோள் வாரும் போட வேண்டும், கனமான புத்தகம் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பாதி எடை அதிலேயே போய்விடும்.

கேள்வி: சென்ற ஆண்டு பள்ளி திறந்த இரண்டாம் வாரத்திலேயே மகள் தலையில் பேன். அவளிடமிருந்துதான் மற்றவர்களுக்கு வந்தது என்று பேச்சு கிளம்பியது. சின்னப் பள்ளி, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இந்த ஆண்டும் வந்தால் வெளியே சொல்வதா, மறைப்பதா?
— ஒரு தாய்

பதில்: சொல்லுங்கள். பேச்சைக் கிளப்பியவர்கள் செய்தது தவறு. யாரிடமிருந்து முதலில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவர் கண்ணில் படும்போது பல வாரம் கடந்திருக்கும். பேனுக்குச் சுத்தமான தலை, அழுக்குத் தலை என்ற வேறுபாடு கிடையாது. அது குதிக்காது, பறக்காது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து போகும். ஒரே புத்தகத்தின் மேல் இரண்டு தலைகள் குனிந்தால் போதும். அது எந்த நோயையும் பரப்புவதில்லை. அதற்காகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று குழந்தை மருத்துவர்களின் அமைப்புகளே சொல்கின்றன.

நீங்கள் மறைத்தால் நடப்பது இதுதான்: உங்கள் மகளின் தலையை நீங்கள் சுத்தம் செய்வீர்கள், பக்கத்து இருக்கைக் குழந்தையிடமிருந்து அது மறுபடி வரும். எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் சீவினால்தான் தீரும். நனைந்த கூந்தலில் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, பேன்சீப்பை அடிமயிரில் வைத்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதின் பின்புறத்தையும் பிடரியையும் விட்டுவிடாதீர்கள். ஈர் அங்கேதான் மயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஈர் பொரிய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால், மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் சீவ வேண்டும். பெயர் குறிப்பிடாமல் எல்லாக் குடும்பங்களுக்கும் தகவல் அனுப்பும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி: இந்த விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு மரணம். என் தந்தை, அதாவது என் மகனின் தாத்தா. அவரோடுதான் அவன் தினமும் பள்ளிக்கு நடந்து போவான். இப்போது அவரைப் பற்றிப் பேசவே மறுக்கிறான். இதைப் பள்ளியில் சொல்ல வேண்டுமா? சொன்னால் எல்லோரும் அவனைப் பரிதாபமாகப் பார்ப்பார்களோ என்று தயங்குகிறேன்.
— ஒரு தாய்

பதில்: உங்கள் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சொல்லுங்கள், பள்ளி திறப்பதற்கு முன்பே சொல்லுங்கள். முதல் நாள் ஆசிரியர் வழக்கம்போல, "தாத்தா வரவில்லையா?" என்று எல்லோர் முன்னிலும் அன்பாகக் கேட்டுவிடுவார். சிறிய பள்ளியில் அந்தக் கேள்வி நிச்சயம் வரும், ஏனென்றால் அங்கே அவரைத் தெரியாதவர்கள் இல்லை. "விடுமுறையில் என்ன செய்தாய்?" என்று கட்டுரை எழுதச் சொல்வதும் எல்லாப் பள்ளியிலும் உள்ள பழக்கம். தெரிந்திருந்தால் அவனுக்கு மட்டும் ஆசிரியர் வேறு தலைப்புக் கொடுத்துவிடுவார்.

வகுப்பாசிரியரிடம் மட்டும் சொன்னால் போதும். யாரிடம் பகிரலாம், யாரிடம் வேண்டாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு ஆசிரியருக்குத் தேவையானது குறைவுதான்: என்ன நடந்தது, மகனுக்கு எவ்வளவு தெரியும், இப்போது யார் கொண்டுவந்து விடுவார்கள், அழுகை வந்தால் யார் அருகில் இருப்பது அவனுக்குப் பிடிக்கும். குழந்தையின் துக்கம் பெரியவர்களுடையதைப் போலத் தொடர்ச்சியாக இருக்காது. ஒரு மணி நேரம் சிரித்து விளையாடிவிட்டு, பென்சில் முனை உடைந்ததற்குத் தேம்பித் தேம்பி அழுவான். காரணம் தெரிந்த ஆசிரியர் அப்போது அதட்டமாட்டார்.

நீங்கள் சொல்லிவிட்டதை அவனுக்கும் தெரியப்படுத்துங்கள். "டீச்சருக்குத் தெரியும், நீ எதுவும் விளக்க வேண்டியதில்லை" என்றால் அவனுக்கு ஒரு பாரம் குறையும். தாத்தாவோடு நடந்த வழியிலேயே போக வேண்டுமா, வேறு வழியா என்பதை அவனிடமே கேளுங்கள். எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கு எழுதுவதைப் பையில் வைத்து அவனிடம் கொடுத்தனுப்பாதீர்கள். முந்தைய நாளே நீங்கள் போய் நேரில் கொடுங்கள்.