சுவிட்சுக்கு எதற்கு ஐபி? – கேள்வி பதில்

ஐபி முகவரியே கொடுக்காத நெட்வொர்க் சுவிட்சில் (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) எல்லாக் கணினிகளும் ஒழுங்காக வேலை செய்கின்றன. அப்புறம் எதற்கு அதற்கு ஐபியும் கேட்வேயும்?

கணினிகளுக்காக இல்லை, உங்களுக்காக. ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள மேக் முகவரியைப் பார்த்துத்தான் சுவிட்ச் தரவைச் சரியான போர்ட்டுக்கு அனுப்புகிறது. அதற்கு ஐபி வேண்டியதில்லை. நீங்கள் உள்ளே போய் அமைப்புகளை மாற்றத்தான் ஐபி. வேறு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் வேறு பகுதியில்) இருந்து நீங்கள் கூப்பிட்டால் பதில் திரும்பி வரக் கேட்வே, அதாவது வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி. அது விட்டுப்போனால், அதே சப்நெட்டில் இருந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், அடுத்த சப்நெட்டில் இருந்து போகாது. இதற்குக் கேபிளைச் சந்தேகப்பட்டு அரை நாளைத் தொலைப்பவர்கள் உண்டு.

ஐபியை மாற்றி அப்ளை கொடுத்ததும் பக்கம் அப்படியே நின்றுவிட்டது. சுவிட்ச் போய்விட்டதா?

இல்லை, முகவரி மாறி இருக்கிறது, அவ்வளவுதான். 192.168.0.1 இருந்த இடத்தில் 10.20.5.2 கொடுத்தீர்கள் என்றால், மடிக்கணினிக்கும் 10.20.5.50, மாஸ்க் 255.255.255.0 என்று கொடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே போங்கள். போனதும் முதல் வேலை சேவ். பல மாடல்களில் அப்ளை வேறு, சேவ் வேறு. சேவ் செய்யாமல் மின்சாரம் போனால் பழைய முகவரியே திரும்பி வரும்.

சுவிட்ச் நிர்வாகத்துக்குத் தனி வி-லேன் (சுவிட்சுக்குள்ளேயே பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) வைக்கப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வரிசையில். வி-லேன் 50 என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதை உருவாக்கி, டிரங்க்கின் (பல வி-லேன்களைச் சுமந்து சுவிட்சுகளை இணைக்கும் இணைப்பு) இரு முனையிலும் அனுமதியுங்கள். பிறகு அந்த வி-லேனுக்கு ஐபி. புது முகவரியில் உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும். அந்த வி-லேனில் ஒரு போர்ட்டாவது உயிரோடு இல்லையென்றால், பல சுவிட்சுகளில் அதன் ஐபியும் எழாது.

சிஸ்கோவில் இன்னொரு கண்ணி. டிரங்க்கில் வி-லேனைச் சேர்க்கும்போது 'ஆட்' என்ற சொல் விட்டுப்போனால், இருந்த பட்டியல் அழிந்து புது எண் மட்டும் நிற்கும். நான் அப்படி ஒரு கட்டிடத்தையே துண்டித்திருக்கிறேன். இரவில் கன்சோல் கேபிளோடு (நெட்வொர்க் இல்லாமல் சுவிட்சில் நேரடியாகச் செருகும் கேபிள்) ஓட வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் 'ரீலோட் இன் 10' கொடுக்காமல் தொலைவில் இருந்து கை வைப்பதில்லை. மாட்டிக்கொண்டால் பத்து நிமிடத்தில் அதுவே மறுதொடக்கமாகி, சேவ் செய்யாத மாற்றம் போய்விடும். எல்லாம் சரியென்றால் ரத்து செய்துவிட்டுச் சேவ் செய்யலாம்.

கன்சோலில் கிறுக்கலாக எழுத்துகள் வருகின்றன.

கணினியும் சுவிட்சும் கன்சோலில் பேசும் வேகம் பொருந்தவில்லை. 9600 வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் 115200.

கணினியைச் செருகினால் ஐபி கிடைக்க அரை நிமிடம் ஆகிறது.

பழைய ஸ்பானிங் ட்ரீயில் (சுவிட்சுகளுக்கு இடையே லூப் விழாமல் தடுக்கும் ஏற்பாடு) போர்ட் திறக்க 15 + 15 வினாடி பிடிக்கும். கணினி, பிரிண்டர் போர்ட்களில் மட்டும் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். இன்னொரு சுவிட்ச் போகும் போர்ட்டில் வேண்டாம், லூப் விழும், தரவு சுற்றிச் சுற்றி ஓடும்.

சுவிட்சின் லாகில் (நிகழ்வுப் பதிவில்) தேதி 1993 மார்ச் 1 என்று இருக்கிறதே?

பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்ச்தானே? அணைந்தால் நேரம் மறந்துபோகும் மாடல்கள் உண்டு. என்டிபி (சர்வரிடம் கேட்டு நேரத்தைச் சரிசெய்யும் முறை) அமையுங்கள். அந்த சர்வர் வேறு சப்நெட்டில் இருந்தால், கேட்வே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.