ஆர்.சி. தொலைந்த கேம்பர் வேன்

கேள்வி: கோவையில் பழைய கேம்பர் வேன் (உள்ளேயே தங்கிச் சமைக்க வசதியுள்ள வண்டி) ஒன்றை வாங்கிப் பெங்களூருக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆர்.சி. புத்தகம் (வாகனப் பதிவுச் சான்று) தொலைந்துவிட்டதாக விற்றவர் இப்போது சொல்கிறார். கையில் விற்பனை ரசீது மட்டுமே உள்ளது. வண்டியை என் பெயருக்கு மாற்ற முடியுமா?
— வாசகர், அல்சூர்

பதில்: முடியும், ஆனால் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பிக்க வேண்டியவர் நீங்கள் அல்ல, பதிவேட்டில் உரிமையாளராக இருப்பவர்தான். ஆகவே முதலில் அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் வண்டி எண்ணைக் கொடுத்து, விற்றவரே பதிவுபெற்ற உரிமையாளரா, கடன் பாக்கி உள்ளதா என்று பாருங்கள். சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பொறித்த எண்ணைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்து, பழைய காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். எண்கள் பொருந்தாவிட்டால் மேற்கொண்டு பணம் கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரியென்றால், அவர் காவல்துறையில் புகார் பதிந்து, படிவம் 26 மூலம் நகலும், படிவம் 28 மூலம் கர்நாடகத்துக்கான தடையில்லாச் சான்றும் பெற வேண்டும். கடன் இருந்திருந்தால் வங்கியின் ஒப்புதலும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் தேவை. அதன்பின் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் இருவரும் கையெழுத்திட்டு பெங்களூரிலுள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, கர்நாடகச் சாலை வரியையும் கட்ட வேண்டியிருக்கும்.

பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. சாதாரண வேனில் படுக்கையும் அடுப்பும் பிற்பாடு பொருத்தப்பட்டிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அம்மாற்றம் ஆர்.சி.யில் பதியப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் அதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கலாம். பெயர் மாறும்வரை விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பழைய உரிமையாளரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இழுத்தடிக்கும் விற்பனையாளரிடம் இதை எடுத்துச் சொன்னாலே பெரும்பாலும் வழிக்கு வருவார்.